மின்புலக் கணக்கில் முதலில் அம்பு, அப்புறம்தான் எண்

ஒரு தாளின் நடுவில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு மேற்கே 30 செ.மீ. தள்ளி +3 நானோகூலூம் மின்துகள் ஒன்று இருக்கிறது. வடக்கே 30 செ.மீ. தள்ளி −4 நானோகூலூம் மின்துகள் ஒன்று. புள்ளியில் மின்புலம் எவ்வளவு, எந்தத் திசையில்?

பிளஸ் 2 இயற்பியல் புத்தகத்தைத் திறந்ததும் வருகிற முதல் அலகே நிலைமின்னியல்தான். அதில் இந்த மாதிரிக் கணக்குகள் நிறைய. சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: 9 × 10⁹-ஐ மின்துகளின் அளவால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மேற்கே இருப்பதற்கு 300 நியூட்டன்/கூலூம் வரும். வடக்கே இருப்பதற்கு 400. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

இதற்குப் பிறகு வகுப்பு நான்காகப் பிரிந்துவிடும். ஒரு கூட்டம் 300-ஐயும் 400-ஐயும் கூட்டி 700 என்று எழுதும். இன்னொரு கூட்டம், ‘ரெண்டாவது மைனஸ் ஆச்சே’ என்று 300-இலிருந்து 400-ஐக் கழித்து −100 என்று எழுதும். மூன்றாவது கூட்டத்துக்கு வெக்டர் பாடம் நினைவிருக்கும். பிதாகரஸைக் கூப்பிட்டு 500 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு முடித்துவிடும். ‘500 நியூட்டன்/கூலூம், கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 53 டிகிரி’ என்று முழுசாக எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

700 எழுதியவரையும் −100 எழுதியவரையும் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரு முறை படம் போட்டுக் காட்டினால் சரியாகிவிடுவார்கள். மூன்றாவது கூட்டம்தான் கவலை. அவர்களுக்கு ‘விடை வந்துவிட்டது’ என்ற நிம்மதி இருக்கிறது. வழி கேட்டவரிடம் ‘அஞ்சு கிலோமீட்டர்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் எந்தப் பக்கம் போவார்? மின்புலம் என்பதே ஒரு வெக்டர். திசையைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது பாதி விடை.

நம் வகுப்பறைகள் இந்தக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லித் தருகின்றன என்பது என் கருத்து. முதலில் சூத்திரம், பிறகு எண், நேரமிருந்தால் கடைசியில் திசை. இது முழுக்க மாற வேண்டும். முதலில் அம்பு. அதுவும் ஒரு எண்கூட எழுதாமல்.

அம்பு போட என்ன தெரிய வேண்டும்?

ரொம்பக் கொஞ்சம்தான். மின்புலத்தைக் கேட்கிற இடத்தில் ஒரு சின்ன நேர் மின்துகளை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் இதைச் சோதனை மின்துகள் என்கிறது. அதை எந்தப் பக்கம் தள்ளுவார்கள், எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்று பாருங்கள். நேர் மின்துகள் அதைத் தன்னைவிட்டுத் தள்ளும். அம்பு வெளியே போகும். எதிர் மின்துகள் தன் பக்கம் இழுக்கும். அம்பு அதை நோக்கி வரும். ஒவ்வொரு மின்துகளுக்கும், மற்றவை இல்லவே இல்லை என்பதுபோல், தனித்தனியாக ஓர் அம்பு. பிறகு எல்லா அம்புகளையும் வெக்டர் முறையில் கூட்டினால் தொகுபயன் புலம். மேற்பொருந்துதல் தத்துவம் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்பின் வால் எப்போதும் நாம் புலத்தைக் கேட்கிற புள்ளியில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் மின்துகளின் மேலேயே அம்பை வரைந்துவிடுவார்கள். மின்துகள் இருக்குமிடம் வேறு, புலத்தை நாம் விசாரிக்குமிடம் வேறு.

நம் உதாரணத்தில் மேற்கே இருக்கிற நேர் மின்துகள் கிழக்கே தள்ளுகிறது. வடக்கே இருக்கிற எதிர் மின்துகள் வடக்கே இழுக்கிறது. ஆக, விடை வடகிழக்குப் பக்கம்தான். 400 பெரியது என்பதால் வடக்குப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும். சூத்திரத்தைத் தொடும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிட்டது. இந்தப் படம் கையில் இருக்கிற பிள்ளை 700 என்றோ −100 என்றோ எழுதாது. எழுத நினைத்தாலும் படம் விடாது.

ஒரு சொல், மூன்று வேலை

‘சார், சூத்திரத்துல மைனஸ் போடணுமா, வேணாமா?’

இந்த அலகு நடக்கும்போது இயற்பியல் ஆசிரியர்கள் அலுக்க அலுக்கக் கேட்கிற கேள்வி இது. தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது; அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. ‘எதிர்’ என்ற ஒரே சொல் இங்கே மூன்று வேலை பார்க்கிறது. எதிர் மின்துகள் என்றால் ஒரு பொருளின் தன்மை. எதிர்க்குறி என்றால் தாளில் நாம் எழுதுகிற மைனஸ். எதிர்த்திசை என்றால் ஒரு போக்குக்கு நேர்மாறான போக்கு. மூன்றும் ஒரே வேரில் கிளைத்ததால், மூன்றும் ஒன்றுதான் என்று மனம் தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. எதிர் மின்துகளா, அப்படியானால் எதிர்க்குறி. எதிர்க்குறியா, அப்படியானால் எதிர்த்திசை, அதாவது இடப்பக்கம்.

எதிர் மின்துகளின் புலம் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எதிர் மின்துகளுக்கு இடப்பக்கம் நீங்கள் நின்றால் அதன் புலம் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் நின்றால் இடப்பக்கம். மேலே நின்றால் கீழே. திசையை முடிவு செய்வதில் மின்துகளின் குறிக்குப் பாதிப் பங்குதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு மீதிப் பாதி.

இன்னொரு விபத்தும் நடக்கும். பிள்ளை சரியாக அம்பு போட்டு, எதிர் மின்துகளுக்காக அம்பைத் திருப்பியும் வைத்திருக்கும். பிறகு சூத்திரத்தில் −4-ஐ மைனஸோடு போட்டு, வந்த மைனஸுக்காக அதே அம்பை மறுபடி திருப்பும். இரண்டு முறை திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும் அல்லவா? எதிர் மின்துகள் இப்போது தள்ள ஆரம்பித்துவிடும்!

ஆகவே ‘மைனஸ் போடணுமா?’ என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அலகு வெக்டரோடு முறையாக எழுதப் பழகியவர்கள் குறியோடு போடலாம், அதில் தவறில்லை. மற்றவர்கள் சூத்திரத்தில் அளவை மட்டும் போடுங்கள். குறியின் வேலை அம்பு போடும்போதே முடிந்துவிட்டது. அதற்கு இரண்டாவது முறை கூலி கொடுக்காதீர்கள்.

சமன்பாடு சொல்லாத விடை

‘அம்பெல்லாம் சின்னப் பசங்க வேலை, சமன்பாடே எல்லாத்தையும் பார்த்துக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. +4 மைக்ரோகூலூம் மின்துகள் அ என்ற இடத்தில். அதற்கு வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி ஆ என்ற இடத்தில் +1 மைக்ரோகூலூம். இரண்டையும் இணைக்கிற நேர்க்கோட்டில் எங்கே மின்புலம் பூஜ்ஜியம்?

இரண்டு புலங்களின் அளவும் சமம் என்று எழுதித் தீர்த்தால் வருவது இருபடிச் சமன்பாடு. அதற்கு இரண்டு மூலங்கள்: அ-விலிருந்து 20 செ.மீ., 60 செ.மீ. இப்போது ஆ-வில் இருக்கிற +1-ஐ −1 ஆக மாற்றுங்கள். மறுபடி தீர்த்துப் பாருங்கள். அதே சமன்பாடு, அதே 20, அதே 60! அளவுகளை மட்டும் எழுதியதால், எந்த மின்துகளுக்கு என்ன குறி என்பது சமன்பாட்டுக்குத் தெரியவே தெரியாது.

எது விடை என்று அம்பு ஒரு நொடியில் சொல்லும். இரண்டும் நேர் மின்துகள்கள் என்றால், நடுவில் நிற்கும்போது அ வலப்பக்கம் தள்ளும், ஆ இடப்பக்கம் தள்ளும். அங்கேதான் ஒன்றையொன்று அடிக்க முடியும். எனவே 20. ஆ எதிர் மின்துகள் என்றால், நடுவில் நிற்கும்போது அ வலப்பக்கம் தள்ள, ஆ-வும் வலப்பக்கமே இழுக்கும். இருவரும் ஒரே கட்சி. 20 செ.மீ.-இல் புலம் இரண்டு மடங்கு ஆகுமே தவிர பூஜ்ஜியம் ஆகாது. அ-வுக்கு இடப்பக்கம் போனால் அம்புகள் எதிரெதிராக இருக்கும். ஆனால் அங்கே பெரிய மின்துகள்தான் பக்கத்திலும் இருக்கிறது, சின்னதால் அதைச் சமன்செய்ய முடியாது. மிச்சம் ஆ-வுக்கு வலப்பக்கம்: அங்கே அ வலப்பக்கம் தள்ளும், ஆ இடப்பக்கம் இழுக்கும், சின்னது பக்கத்தில் இருக்கும். எனவே 60.

நீட் போன்ற தேர்வில் கேள்வி தயாரிக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். 20-உம் 60-உம் தெரிவுகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். சரியாகச் சொன்னால் 4 மதிப்பெண், தவறினால் ஒன்று போகும். ஆக 5 மதிப்பெண் வித்தியாசம். கணக்கு முழுவதையும் சரியாகப் போட்ட பிள்ளைக்குத்தான் இந்த நஷ்டம்.

சதுரக் கணக்குகளும் இப்படித்தான். நான்கு மூலைகளிலும் சமமான நேர் மின்துகள்கள் இருந்தால் மையத்தில் புலம் இல்லை. எதிரெதிர் மூலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு மூலையில் இருப்பதை எடுத்துவிட்டால்? மையத்தில் புலம், காலி மூலையை நோக்கி. அளவு ஒரே ஒரு மின்துகளின் புலத்துக்குச் சமம். மூன்று அம்புகளைக் கூறுகளாகப் பிரித்து, சைன் காஸ் போட்டு ஒரு பக்கம் நிரப்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மின் இருமுனையில் மட்டும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் வராது. அங்கே குழப்புவது நாம்தான். இயற்பியல் வகுப்பில் இருமுனைத் திருப்புத்திறனின் அம்பு எதிர் மின்துகளிலிருந்து நேர் மின்துகளுக்கு. அடுத்த பீரியடில் வேதியியல் ஆசிரியர் மூலக்கூறுக்குப் போடும் அம்பு, பெரும்பாலும் நேர் முனையிலிருந்து எதிர் முனைக்கு. அரை மணி நேர இடைவெளியில் ஒரே பிள்ளை இரண்டையும் எழுத வேண்டும். இரண்டு ஆசிரியர்களும் ஒரு முறையாவது வாய்விட்டு இதைச் சொன்னால் நல்லது.

இடிமேகம் யார் பக்கம்?

திசை என்பது தேர்வுக்கு மட்டும் வேண்டிய சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். இடிமேகத்தில் நேர் மின்னூட்டம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதில் இரண்டு பெரிய ஆட்கள் மோதிக்கொண்டார்கள்.

ஒருவர் ஜார்ஜ் சிம்ப்சன். இந்திய வானிலைத் துறையில் வேலைபார்த்தவர். சிம்லாவில் விழுந்த மழைநீரின் மின்னூட்டத்தை அளந்து, 1909-இல் முடிவை வெளியிட்டார். மழைத்துளிகள் பெரும்பாலும் நேர் மின்னூட்டத்தோடு வருகின்றன. எனவே மேகத்தின் அடிப்பகுதி நேர், எதிர் மின்னூட்டம் அதற்கு மேலே என்பது அவர் கட்சி. (அடுத்த ஆண்டே அவர் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் சேர்ந்து போய்விட்டார் என்பது தனிக்கதை.) இன்னொருவர் சி.டி.ஆர்.வில்சன். முகில் அறைக்காக 1927-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் மழையைப் பிடிக்கவில்லை; தரையில் நின்று மின்புலத்தை அளந்தார். 1916-இலும் 1920-இலும் எழுதிய கட்டுரைகளில், நேர் மின்னூட்டம் மேலே, எதிர் கீழே என்று வாதாடினார்.

தரையில் நிற்பவருக்கு மேகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நம் பிளஸ் 2 கணக்குதான். மேகத்தை இரண்டு புள்ளி மின்துகள்களாக வைத்துக்கொள்வோம். எண்கள் ஒரு பேச்சுக்கு: 10 கி.மீ. உயரத்தில் நேர் மின்துகள், அதற்கு நேர்கீழே 5 கி.மீ. உயரத்தில் அதே அளவு எதிர் மின்துகள். மேகத்துக்கு நேர் கீழே நிற்கிறீர்கள். மேலே உள்ள நேர் மின்துகள் கீழ்நோக்கித் தள்ளுகிறது. எதிர் மின்துகள் மேல்நோக்கி இழுக்கிறது. எதிர் மின்துகள் பாதித் தூரத்தில் இருப்பதால் அதன் கை நான்கு மடங்கு ஓங்கியிருக்கும். புலம் மேல்நோக்கி.

இப்போது அங்கிருந்து 20 கி.மீ. தள்ளிப் போங்கள். நேர் மின்துகள் சுமார் 22.4 கி.மீ. தூரத்தில் இருக்கும், எதிர் மின்துகள் சுமார் 20.6 கி.மீ. தூரத்தில். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். எதிர் மின்துகளின் இழுப்பு இன்னும் 18 சதவீதம் போல அதிகம்தான். ஆனால் அந்த அம்பு பெரும்பாலும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. அதில் செங்குத்தாக இருப்பது 24 சதவீதம் மட்டும். மேலே இருக்கிற நேர் மின்துகளின் அம்பு இன்னும் நிமிர்ந்தது. அதில் 45 சதவீதம் செங்குத்து. கூட்டிப் பார்த்தால் செங்குத்துப் புலம் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். (தரை ஒரு மின்கடத்தி. அதனால் தரைமட்டத்தில் பக்கவாட்டுக் கூறு அடிபட்டுப் போகும், செங்குத்துக் கூறு இரட்டிப்பாகும். மேலா கீழா என்பது மாறாது.) இந்த எண்களுக்குச் சுமார் 10 கி.மீ. தூரத்தில் புலம் திசை மாறுகிறது.

பக்கத்தில் தூரம் ஜெயிக்கிறது, தொலைவில் சாய்வு ஜெயிக்கிறது. இதே மேகத்தைத் தலைகீழாக, நேர் கீழே எதிர் மேலே என்று வைத்துப் பாருங்கள். எல்லா அம்பும் திரும்பும்: நேர் கீழே நிற்பவருக்குக் கீழ்நோக்கியும், தொலைவில் நிற்பவருக்கு மேல்நோக்கியும் புலம் இருக்கும். ஆகவே அருகில் எந்தத் திசை, தொலைவில் எந்தத் திசை என்று அளந்தாலே மேகத்தின் அடுக்கு தெரிந்துவிடும். புலம் எத்தனை வோல்ட் என்பது இந்தச் சண்டையைத் தீர்க்காது. எந்தப் பக்கம் என்பதே தீர்க்கும்.

1937-இல் சிம்ப்சனும் ஸ்க்ரேஸ் என்பவரும் சேர்ந்து, புலத்தின் திசையைப் பதிவுசெய்யும் கருவியைப் பலூனில் கட்டி இங்கிலாந்தின் இடிமேகங்களுக்குள் அனுப்பிய முடிவுகள் வெளியாயின. மேலே நேர், அதற்குக் கீழே எதிர் என்று வில்சன் சொன்ன அடுக்குதான் பெரிதாக இருந்தது. அதற்கும் அடியில் சின்னதாக ஒரு நேர் மின்னூட்டப் பகுதியும் இருந்தது. சிம்ப்சன் எதிராளியின் கட்சியைத் தானே மெய்ப்பித்தார். தன் மழைத்துளிக்கும் மேகத்தில் ஒரு மூலை கிடைத்தது.

வளிமண்டல மின்னியலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் தரைக்கருகில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் அளவில் புலம் இருக்கும், கீழ்நோக்கி. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக வைக்கும் இயற்பியலாளர் இதை −100 என்பார். இந்தத் துறைக்காரர்களில் பலர் தங்கள் மரபுப்படி இதையே +100 என்பார்கள். இரண்டு வழக்கமும் புழக்கத்தில் இருக்கின்றன. கட்டுரையைப் படிக்கும்போது எந்த வழக்கம் என்று முதலில் பார்க்காவிட்டால் மேகம் கவிழ்ந்துவிடும்! ‘கீழ்நோக்கி’ என்று தமிழில் எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை.

அதனால் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இந்த அலகின் முதல் வாரத்தில் எண்ணே இல்லாத கணக்குகளைக் கொடுங்கள். மின்துகள்களின் இடத்தையும் குறியையும் கொடுத்து, எது பெரியது என்று மட்டும் சொல்லி, தொகுபயன் புலத்தின் அம்பைப் போடச் சொல்லுங்கள். திசையைப் பிளஸ் மைனஸில் எழுதவிடாமல், கிழக்கு, வடக்கு, இந்த மூலையை நோக்கி, அந்த மின்துகளைவிட்டு விலகி என்று சொற்களில் எழுத வையுங்கள். மாதத் தேர்வில் படத்துக்கென்று தனியாக மதிப்பெண் ஒதுக்குங்கள். அது நம் கையில்தான் இருக்கிறது. பாடத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள். ‘மைனஸ் போடணுமா’ என்ற கேள்விக்கு வருஷம் முழுக்கப் பதில் சொல்கிற நேரத்தை இதில் கழித்துக்கொள்ளலாம்.

எண் இல்லாத கணக்கு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஒழுங்கான ஐங்கோணம். நான்கு மூலைகளில் சமமான நேர் மின்துகள்கள், ஐந்தாவது மூலை காலி. மையத்தில் அம்பு எந்தப் பக்கம்? சதுரத்தில் செய்ததுபோல் எதிரெதிர் மூலைகளை ஜோடி சேர்க்க இங்கே முடியாது. ஐந்தும் நிரம்பியிருந்தால் மையத்தில் என்ன ஆகும் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.